ஊரை விட்டவருக்கே ஊர்ப்பெயர்

கேள்வி: ‘காந்தி’ திரைப்படத்தை இயக்கிய ரிச்சர்ட் அட்டன்பரோ, காட்டுயிர்ப் படங்களால் உலகறிந்த டேவிட் அட்டன்பரோ என்னும் சகோதரர் இருவரைத் தவிர அந்தப் பெயருடைய வேறெவரும் கண்ணில் படுவதில்லையே, அது பட்டமா, தொழிலா, ஊரா?

பதில்: ஊர். ஆங்கிலேயரின் குடும்பப்பெயர், அதாவது தந்தையிடமிருந்து பிள்ளைகளுக்கு மாறாமல் இறங்கிவரும் பெயர், பெரும்பாலும் நான்கு ஊற்றுகளில் ஒன்றிலிருந்து பிறந்தது. கொல்லருக்கு ஸ்மித், தையற்காரருக்கு டெய்லர் எனத் தொழிலால் வந்தது ஒன்று. ஜான் என்பவரின் மகனுக்கு ஜான்சன் எனத் தந்தை பெயரால் வந்தது இன்னொன்று. நிறம், உயரம், குணம் பார்த்து ஊரார் சூட்டிய பிரவுன், ஷார்ட் போன்றவை மூன்றாவது. வாழ்ந்த நிலத்தாலும் ஊராலும் வந்தவை நான்காவது. இந்த நான்காவது வகையைச் சேர்ந்த அட்டன்பரோ, நடு இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகருக்குத் தென்மேற்கே டிரென்ட் ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர். 12ஆம் நூற்றாண்டு ஆவணத்தில் அடின்பர்ச்சா என்று எழுதப்பட்டிருக்கும் அவ்வூர்ப்பெயரை, அடா அல்லது அடி என்ற பெயருடைய ஒருவருக்கு உரிய அரண் என்று ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் பிரித்துப் பொருள் காண்கின்றனர். இடைக்கால ஆங்கிலத்தில் ‘அட்டன்’ என்பது ‘அவ்விடத்தில்’ என்ற பொருளில் பெயர்களுக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. ஆகவே குன்றையோ தோப்பையோ அடுத்துக் குடியிருந்த எவரும் இப்பெயரைப் பெற்றிருக்கலாம் என்று வாதிட இடமுண்டு. எனினும் இப்பெயருடைய குடும்பங்கள் அந்த ஊரைச் சுற்றியே பெருகியிருப்பதைப் பார்க்கும்போது, ஊரிலிருந்து வந்த பெயர் என்ற விளக்கமே வலுப்பெறுகிறது.

கேள்வி: ஊரின் பெயர்தான் என்றால், அந்த ஊரில் பிறந்த அத்தனை பேரும் அட்டன்பரோ ஆகியிருக்க வேண்டாமா?

பதில்: ஊருக்குள் எல்லோருமே அவ்வூரார் என்பதால், அங்கே அந்தப் பெயரைக் கொண்டு ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்தறிய முடியாது. ஒருவர் பிழைப்பைத் தேடியோ திருமணத்தாலோ ஊரை விட்டுச் சில கல் தொலைவு சென்று குடியேறிய பிறகுதான், புதிய ஊரார் அவரைப் பழைய ஊரின் பெயரால் அழைக்கத் தொடங்குவர். அட்டன்பரோ ஊர் பெற்றெடுத்தவர்களுள் வரலாற்றில் மிகப் பெரிய இடம் பெற்றவர், ஆங்கிலேய உள்நாட்டுப் போரில் மன்னரை வென்ற ஆலிவர் கிராம்வெல்லின் மருமகனும் அவருடைய படைத்தலைவர்களுள் ஒருவருமான ஹென்றி அயர்ட்டன்; 1611இல் அவ்வூரில் பிறந்த அவருடைய குடும்பப்பெயரோ அண்டை மாவட்டமான டார்பிஷரில் உள்ள அயர்ட்டன் என்ற வேறோர் ஊரைக் குறிக்கிறது. அட்டன்பரோவில் பிறந்தவர் அயர்ட்டன் என்றும், அட்டன்பரோவை விட்டுச் சென்றவர்கள் அட்டன்பரோ என்றும் பெயர் பெற்றிருப்பதே இவ்வகைப் பெயர்கள் பிறக்கும் முறைக்கு நல்ல சான்று.

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, நிலவுடைமையாளரிடம் முதலில் வேரூன்றிய பரம்பரைப் பெயர் வழக்கம் அடுத்த மூன்று நான்கு நூற்றாண்டுகளில் உழவர்வரை இறங்கியது. 1377 முதல் 1381 வரை மூன்று முறை விதிக்கப்பட்ட தலைவரிக்கான பட்டியல்களும், ஒவ்வொரு தேவாலயமும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிந்து வைக்க வேண்டும் என்று எட்டாம் ஹென்றியின் அரசு 1538இல் பிறப்பித்த ஆணையும் இன்றைய ஆய்வாளருக்குப் பெருந்துணை. மக்களின் கல்வியறிவு குறைவாக இருந்த காலத்தில் பெயரைக் காதால் கேட்டு எழுதியவர் பாதிரியாரே ஆதலால், அட்டன்பரோ என்பது அட்டன்பர்ரோ, அட்டன்பாரோ என்றெல்லாம் ஏட்டில் வடிவம் மாறியது. அவ்வடிவங்களுள் சில தனிக் குடும்பப்பெயர்களாகவே நிலைத்துவிட்டன.

கேள்வி: ஒரு பெயர் எந்த வட்டாரத்துக்கு உரியது என்பதை வீடு வீடாகப் போய்க் கேட்டா கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: ஒருவகையில் அப்படித்தான், ஆனால் அந்த வேலையை 1881ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்கள் முன்பே செய்து வைத்துவிட்டார்கள். மோட்டார் வாகனம் வந்து குடும்பங்களைச் சிதறடிப்பதற்கு முந்தைய நிலையைக் காட்டுவதாலும், அதன் ஏடுகள் முழுவதையும் தன்னார்வலர்கள் படியெடுத்துக் கணினியில் ஏற்றியிருப்பதாலும், பெயர்ப் பரவலை வரைபடமாக்குவோர் அந்தக் கணக்கெடுப்பையே முதலில் நாடுகின்றனர். கணினிக்கு வெகு காலம் முன்பு இம்முயற்சியைத் தொடங்கியவர் ஹென்றி கப்பி. கடற்படை மருத்துவராகச் சாலமன் தீவுகளில் இயற்கை ஆய்வு செய்து திரும்பிய அவர், 1890இல் வெளியிட்ட நூலில் உழவர்களின் பெயர்களை மட்டும் கணக்கில் எடுத்தார். எல்லாத் தொழிலினரிலும் தலைமுறை தலைமுறையாக ஒரே மண்ணில் நிலைத்திருப்போர் நிலத்தோடு கட்டுண்ட உழவர்களே என்பது அவருடைய நுட்பமான கணிப்பு. உயிரினங்களின் பரவலைக் கவனித்துப் பழகிய கண் மனிதப் பெயர்களையும் அதே கவனத்தோடு பார்த்தது இத்துறைக்குக் கிடைத்த பேறு. (தொட்டிகளில் வளர்க்கப்படும் கப்பி மீனுக்குப் பெயர் தந்தவர் டிரினிடாடில் வாழ்ந்த மற்றொரு கப்பி.)

அட்டன்பரோ குடும்பங்களின் தாயகம் நாட்டிங்ஹாம்ஷரும் அதை ஒட்டிய டார்பிஷர் பகுதியுமே. ரிச்சர்ட், டேவிட் ஆகியோரின் தந்தை ஃப்ரெடெரிக் அட்டன்பரோ 1887இல் பிறந்த ஸ்டேபிள்ஃபோர்டு, அட்டன்பரோ ஊரிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் இருக்கிறது. பெயர் பிறந்து பல நூறு ஆண்டுகள் கடந்த பின்னும் அந்தப் பெயருடைய ஒருவர் அதன் ஊரை விட்டு வெகுதூரம் நகரவில்லை என்பதுதான், அரிய ஆங்கிலப் பெயர்களை ஆராய்வோர் மீண்டும் மீண்டும் காணும் வியப்பு. பழைய ஆங்கிலத்தில் புலமை பெற்ற ஃப்ரெடெரிக், ஆங்கிலேயரின் தொடக்ககால அரசர்கள் இயற்றிய சட்டங்களை 1922இல் பதிப்பித்து மொழிபெயர்த்தவர். தம் பெயருக்குள் புதைந்திருந்த பழஞ்சொற்களைத் தாமே படித்துப் பொருள் சொல்லக்கூடிய அட்டன்பரோவாக அவர் விளங்கினார்.

கேள்வி: அப்படியானால் எல்லா அட்டன்பரோக்களும் பங்காளிகள்தாமா?

பதில்: பெரும்பாலோர் பங்காளிகளே என்று மரபணு சொல்கிறது. உயிரணுவுக்குள் மரபணுக்களைத் தாங்கி நிற்கும் இழைகளான நிறப்புரிகளுள் ‘ஒய்’ எனப்படுவது ஆண்களிடம் மட்டுமே உண்டு. அது தந்தையிடமிருந்து மகனுக்குப் பெரும்பாலும் மாற்றமின்றி இறங்குகிறது. இங்கிலாந்தின் குடும்பப்பெயரும் அதே பாதையில் இறங்குவதால், ஒரே பெயருடைய ஆண்களின் ஒய் நிறப்புரிகளை ஒப்பிட்டால் அவர்கள் ஒரு கொடியில் வந்தவர்களா என்பது புலப்படும். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பிரையன் சைக்ஸ் 2000ஆம் ஆண்டு தம் சொந்தப் பெயரையே சோதனைக்கு உட்படுத்தினார். யார்க்ஷரில் சிற்றோடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது சைக்ஸ் என்ற பெயர். ஓடைகள் நிறைந்த அந்நிலத்தில் அது பல இடங்களில் தனித்தனியே தோன்றியிருக்கும் என்பதே எதிர்பார்ப்பு. ஆனால் சோதிக்கப்பட்ட 48 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஒரே வகை நிறப்புரி காணப்பட்டது.

லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் 40 பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவு இதைவிட விரிவானது. ஸ்மித் என்ற பெயருடையோர், ஊருக்கு ஊர் கொல்லர் இருந்த காரணத்தால், வழியில் போகும் எந்த இருவரையும்விடத் தமக்குள் நெருங்கியவர்களாக இல்லை. பெயர் அரிதாக அரிதாக, அதைத் தாங்குவோரின் உறவு நெருங்கிக்கொண்டே போயிற்று. சோதிக்கப்பட்ட அட்டன்பரோ ஆண்களில் 87 விழுக்காட்டினர் ஒரே வகையைச் சேர்ந்தவர்கள். அதுவும் பிரிட்டனில் பரவலாக இல்லாத, பால்கன் நாடுகளிலும் நடுநிலக்கடல் கரைகளிலும் மிகுந்து காணப்படும் ‘ஈ’ என்னும் மரபுக்குழுவின், அதாவது பொது மூதாதை ஒருவரிடமிருந்து வந்த நிறப்புரித் தொகுதியின், கிளை அது. இதை வைத்து ரோமானியப் படைவீரர் ஒருவரைக் கதாநாயகராக்கிக் கதை புனைவோர் உண்டு. ஆயினும் இந்தச் சான்று உறவின் நெருக்கத்தைத்தான் நிறுவுகிறது. முதல் மூதாதை எந்தக் கப்பலில் வந்து இறங்கினார் என்பதற்கு அது சாட்சி ஆகாது. இந்த ஆய்வு நடந்த லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் முன்னோடியான கல்லூரிக்கு 1932 முதல் 1951 வரை முதல்வராக இருந்தவர் ஃப்ரெடெரிக் அட்டன்பரோ என்பதும், சகோதரர்கள் அந்த வளாகத்திலேயே வளர்ந்தார்கள் என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கவை.

கேள்வி: மீதி 13 விழுக்காட்டினர் யார்? ஏதும் வம்பு உண்டா?

பதில்: வம்பாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தத்துப்பிள்ளை வளர்த்தவரின் பெயரை ஏற்றிருக்கலாம். சொத்துக்கு வாரிசாகும் பொருட்டு மருமகன் மாமனாரின் பெயரைச் சூடியிருக்கலாம். மணமாகாத தாய் தன் பெயரையே மகனுக்கு இட்டிருக்கலாம். பெயரே வேறோர் இடத்தில் தனியாகவும் தோன்றியிருக்கலாம். இவ்வாறு பெயரும் நிறப்புரியும் பிரிந்து செல்வது தலைமுறைக்கு 1 முதல் 4.5 விழுக்காடு வரை என்று அதே ஆய்வு மதிப்பிடுகிறது. தலைமுறைக்கு 2 விழுக்காடு என்று கொண்டாலும், 20 தலைமுறை கடந்த பின் மூன்றில் இரு பங்கினரிடமே பழைய நிறப்புரி எஞ்சியிருக்கும். அந்த அளவுகோலில் 87 என்பது மிக உயர்ந்த எண். அரச குலத்திலேயே இந்தச் சங்கிலி அறுந்திருக்கிறது. 2012இல் லெஸ்டரின் வாகன நிறுத்துமிடம் ஒன்றின் அடியில் கிடைத்த மூன்றாம் ரிச்சர்டு மன்னரின் எலும்புகளைச் சோதித்தபோது, தாய்வழிச் சான்று பொருந்தியது; ஏட்டின்படி ஆண்வழி உறவினரான ஐவரின் ஒய் நிறப்புரியோ மன்னருடையதோடு பொருந்தவில்லை.

கேள்வி: அரிய பெயர் என்றால் உயர்ந்த குடி என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: பிறகு ஏன் சில பெயர்கள் பெருகுகின்றன, சில அருகுகின்றன?

பதில்: இதே கேள்வியை ஆங்கிலேய அறிஞரான பிரான்சிஸ் கால்டன் 1873இல் ‘எஜுகேஷனல் டைம்ஸ்’ என்ற இதழில் வாசகர்களுக்கு ஒரு கணக்காகவே விடுத்தார், புகழ் பெற்ற குடும்பங்களின் பெயர்கள் மறைந்துபோவது கருவளம் குன்றியதாலா, வெறும் தற்செயலாலா என்பது அவருடைய ஐயம். பாதிரியாரும் கணித அறிஞருமான ஹென்றி வாட்சன் விடை கண்டு, இருவரும் சேர்ந்து 1874இல் கட்டுரை வெளியிட்டனர். எல்லாப் பெயர்களும் ஒரு நாள் அழிந்தே தீரும் என்று வாட்சன் முடித்தது பிழை. ஒருவருக்குச் சராசரியாக ஒன்றுக்கு மேற்பட்ட மகன்கள் இருந்தால் பெயர் நிலைப்பதற்கு வாய்ப்புண்டு என்ற சரியான விடையைப் பிரெஞ்சுக்காரரான பியனமே 1845இலேயே அறிந்திருந்தார். ஆனால் வாட்சன் வகுத்த வழிமுறை, ஓர் அணு பிளந்து அடுத்தடுத்த அணுக்களைப் பிளக்கும் தொடர்வினையைக் கணக்கிடும் அளவுக்குப் பிற்காலத்தில் வளர்ந்தது.

அந்தக் கணக்கின் உள்ளுறையை எளிதாகச் சொல்லலாம். சராசரியாக ஆளுக்கு ஒரு மகன் என்று வைத்துக்கொண்டாலும், பங்கீடு தற்செயலாக அமையும்போது ஒருவருக்கு மூவர், இன்னொருவருக்கு எவருமில்லை என்றுதான் அமையும். முதல் தலைமுறையிலேயே நூற்றில் 37 பேருக்கு மகன் இருக்கமாட்டான், இரண்டாம் தலைமுறை முடிவதற்குள் பாதிக்கும் மேற்பட்ட ஆண்வழிகள் அற்றுப்போகும். இதனோடு 1348–49ஆம் ஆண்டுகளில் நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதோரைக் கொண்டுபோன கொள்ளைநோயையும் சேர்த்து எண்ண வேண்டும். அட்டன்பரோவை விட்டு வெளியேறி அப்பெயர் பெற்றவர்கள் தொடக்கத்தில் பலராகவே இருந்திருக்கலாம். மற்றவர்களின் ஆண்வழிகள் ஒவ்வொன்றாக முடிந்து, ஒருவருடைய வழி மட்டும் தழைத்திருந்தாலும் இன்றைய 87 விழுக்காடு அப்படியே கிடைத்துவிடும். ஆகவே அரிய பெயர் குலப்பெருமைக்குச் சான்றாகாது. அறுந்துபோகும் நிலையைப் பலமுறை தொட்டும் அறாமல் தப்பிய ஒரு வழியின் பதிவு அது. பெயரைக் கொண்டு தூய இரத்தம் பேசுவோர், யார்க்ஷரின் கிழக்குப் பகுதிக்கு உரிய அரிய பெயர் ஒன்றில் 2007இல் கண்டதையும் அறிந்துகொள்ள வேண்டும்: அப்பெயருடைய 18 ஆண்களில் எழுவரிடம், அதற்கு முன் மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டுமே அறியப்பட்டிருந்த மரபுக்குழு இருந்தது. தலைமுறைகளாகத் தம்மை ஆங்கிலேயர் என்றே அறிந்திருந்த அவர்கள் ஆங்கிலேயரே. ஆங்கிலேயர் என்ற சொல் ஆப்பிரிக்க மூதாதை ஒருவரையும் உள்ளடக்கும் அளவுக்கு எப்போதும் அகலமாக இருந்திருக்கிறது.

கேள்வி: இன்றைக்கு இந்தப் பெயர் எங்கெங்கே காணப்படுகிறது?

பதில்: மனிதரைக் காட்டிலும் மற்ற உயிர்களிடம் அது வெகுதூரம் பரவிவிட்டது. டேவிட் அட்டன்பரோவைச் சிறப்பிக்கும் வகையில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிரினங்களுக்கு அறிவியலாளர் அப்பெயரை இட்டுள்ளனர். பிலிப்பைன்சின் பலவான் தீவில் மலையுச்சியில் வளரும் பெரிய குடுவைத்தாவரம் ஒன்று 2009இல் அப்பெயர் பெற்றது. நியூகினித் தீவின் சைக்ளாப்ஸ் மலையில் வாழும் நீள்மூக்கு எகிட்னாவும், அதாவது முட்டையிட்டுக் குட்டிக்குப் பாலூட்டும் முள்ளுடல் விலங்கும், அதே பெயரைத் தாங்குகிறது. 1961இல் கிடைத்த ஒரே உடலைக் கொண்டு மட்டும் அறியப்பட்டிருந்த அது, 2023இல் தானியங்கிக் கேமராவில் உயிரோடு பதிவாகி ஆய்வுக்குழுவினரை மகிழ்ச்சியில் ஆழ்த்தியது. அண்டார்டிகாவுக்குச் செல்லும் பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் கேட்டு 2016இல் நடந்த பொது வாக்கெடுப்பில் ‘போட்டி மெக்போட்ஃபேஸ்’ என்னும் விளையாட்டுப் பெயரே வென்றது. அரசு அதை ஒரு சிறு நீர்மூழ்கிக் கருவிக்கு அளித்துவிட்டுக் கப்பலுக்கு டேவிட் அட்டன்பரோவின் பெயரைச் சூட்டியது. பெயரின் சொந்த ஊரிலோ, 1929 முதல் சரளைக் கல் தோண்டியெடுத்த பள்ளங்களில் நீர் நிறைந்து பறவைகள் குடியேற, அது இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 1966இல் அதைத் திறந்து வைத்தவர் டேவிட் அட்டன்பரோவே.

கேள்வி: தந்தைவழியை இவ்வளவு துருவும் இந்த ஆராய்ச்சியில் தாய்மாருக்கு இடமே இல்லையா?

பதில்: பெயரிலும் ஒய் நிறப்புரியிலும் இல்லை, இந்த முறையின் பெருங்குறை அதுவே. திருமணத்தோடு பெண்ணின் பெயர் மாறிவிடும் வழக்கத்தால், ஒவ்வொரு தலைமுறையிலும் குடும்பத்தின் பாதி வரலாறு ஏட்டின் மேற்பரப்பிலிருந்து மறைந்துவிடுகிறது. இருபது தலைமுறைக்கு முந்தைய முன்னோருக்கான இலட்சக்கணக்கான இடங்களுள் ஒரே ஓர் ஆணின் வழியைத்தான் குடும்பப்பெயர் சுட்டுகிறது. அட்டன்பரோ சகோதரர்களின் தாய் மேரி, அட்டன்பரோ ஊருக்கு அண்மையிலேயே உள்ள லாங் ஈட்டன் என்ற ஊரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த சாமுவேல் கிளெக்கின் மகள். கிளெக் என்பதும் ஊர்ப்பெயரே. லங்காஷரில் ராச்டேல் நகருக்கு அருகில் அதன் ஊற்று இருக்கிறது. அந்த வழியைப் பின்தொடர விரும்புவோர் லாங் ஈட்டனை விட்டு வடமேற்கே திரும்ப வேண்டும்.