குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார்

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது நம்மூர்க் கதை. இத்தாலியின் பார்மா நகரத்தில் நடந்தது அதற்கு நேர்மாறு. பிடித்தது குரங்கைத்தான். அது பிள்ளையாராகி, கோயில் கட்டி, உண்டியலும் வைத்தாயிற்று.

1990-களின் தொடக்கம். பார்மா பல்கலைக்கழகத்தில் ஜாகோமோ ரிசொலாட்டியும் அவருடைய குழுவினரும் மக்காக் குரங்கின் மூளையில், எஃப்5 என்கிற இடத்தில், மயிரிழை போன்ற மின்முனையைச் செருகி ஒலிபெருக்கியோடு இணைத்திருந்தார்கள். குரங்கு தீனியை எடுத்தால் செல் சடசடவென்று பொரியும். குரங்கு சும்மா உட்கார்ந்திருக்க, எதிரே இருப்பவர் தீனியை எடுத்தாலும் சில செல்கள் அதேபோலப் பொரிந்தன. இவற்றுக்குத்தான் கண்ணாடி நியூரான்கள் என்று பெயர். அழகான கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை. 1992-இல் முதல் கட்டுரை வந்தது. 1996-இல் கணக்கும் சொன்னார்கள்: இரண்டு குரங்குகள், பதிவான செல்கள் 532, அவற்றில் கண்ணாடி நியூரான்கள் 92. கோயிலின் மூலதனம் இவ்வளவுதான்.

1998-இல் ரிசொலாட்டியும் மைக்கேல் ஆர்பிபும் அடுத்த படி ஏறினார்கள். எஃப்5-க்கு நிகரான இடம் மனிதனில் பேச்சுக்குப் பேர்போன ப்ரோகா பகுதி. ஆகவே பிடிக்கத் தெரிந்த கை, பிறர் பிடிப்பதைப் புரிந்துகொண்டது. புரிதலிலிருந்து சைகை, சைகையிலிருந்து பேச்சு. நாம் 'பிடிபட்டது' என்று சொன்னால் விளங்கியது என்று பொருள் அல்லவா? அவர்களும் ஆங்கிலத்தில் இதே சிலேடையைத்தான் தலைப்பாக வைத்தார்கள். சிலேடைக்கு முழு மதிப்பெண்.

மற்றதற்கு? அந்த முதல் சோதனைகளில், தீனி இல்லாமல் வெறுங்கையால் எடுப்பதுபோல் பாவனை காட்டினால் அந்தச் செல்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மொழியின் பிழைப்போ, கண்முன் இல்லாத வாழைப்பழத்தைப் பற்றிப் பேசுவது! போதாக்குறைக்கு, மருத்துவர் ப்ரோகா 1861-இல் பார்த்த, அந்தப் பகுதி சிதைந்த நோயாளிக்கு 'டான்' என்பதைத் தவிர வேறு சொல் அநேகமாக வாயில் வரவில்லை. பிறர் சொன்னதோ அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது. பேசும் உறுப்பே புரியும் உறுப்பு என்றால் அவர் எப்படிப் புரிந்துகொண்டார்? இதையெல்லாம் நரம்பறிவியலாளர் கிரெகரி ஹிக்கோக் 2009-இல் கட்டுரையாகவும் 2014-இல் புத்தகமாகவும் கேட்டார். கும்பாபிஷேகம் முடிந்த கோயிலில் அஸ்திவாரத்தைப் பற்றிக் கேட்பவன் நாத்திகன்தானே.

கும்பாபிஷேகம் செய்தவர் நம்மவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவில் புகழடைந்த வி. எஸ். ராமச்சந்திரன். வெட்டுண்ட கையின் மாய வலிக்குச் சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து வழி காட்டிய மேதை. அந்தக் கண்ணாடிக்கு என் கும்பிடு. இந்தக் கண்ணாடியைப் பற்றி 2000-இல் அவர் சொன்னது: உயிரியலுக்கு டிஎன்ஏ செய்ததை உளவியலுக்கு இது செய்யும். பிறகு 'காந்தி நியூரான்' என்று பெயரும் சூட்டினார். பார்மாக் குரங்கு உப்புக் காய்ச்சியதாகத் தகவல் இல்லை. மனித மூளையில் இப்படி ஒரு செல்லை நேரடியாகப் பதிவு செய்த ஆய்வு வெளிவந்ததே 2010-இல்தான். வலிப்பு நோயாளிகளிடம், அதுவும் ப்ரோகா பகுதிக்கு வெளியே. அருள்வாக்கு முதலில், சாமி பிறகு.

2007-இல் அமெரிக்காவில் 20 வாக்காளர்களை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, வேட்பாளர் படத்தைக் காட்டி, கண்ணாடி நியூரான் பகுதி ஒளிர்ந்ததா என்று நியூயார்க் டைம்ஸில் எழுதினார்கள். சக விஞ்ஞானிகளே தலையில் அடித்துக்கொண்டார்கள். இது வரைக்கும் சிரிக்கலாம்.

ஆட்டிசத்தில் கை வைத்தார்களே, அதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. 2005-இல் ஒரு ஆய்வு. ஆட்டிசம் உள்ளவர்கள் 10 பேர், இல்லாதவர்கள் 10 பேர். மண்டைக்கு மேலிருந்து அளந்த மின் அலை. எந்தச் செல்லையும் யாரும் தொடவில்லை. மறு ஆண்டே புகழ்பெற்ற அறிவியல் இதழில் 'உடைந்த கண்ணாடிகள்' என்று தலைப்பு. பத்துப் பேரை வைத்து ஒரு தலைமுறைப் பிள்ளைகளை உடைசல் என்று சொல்லிவிட்டார்கள். பின்னால் வந்த சில ஆய்வுகளில் அதே மின் அலை இரு தரப்பிலும் ஒன்றுபோல இருந்தது. 2010-இல் ஸ்கேனிலும் கோளாறு தென்படவில்லை. மறுப்புக்குத் தலைப்பு வைக்க ஆள் இல்லை.

எங்கள் அடுக்ககத்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன். பேச்சு வரவில்லை. ஒரு பயிற்சி மையத்தில் தாளில் மூளைப் படம் வரைந்து, "இந்த இடத்துல கண்ணாடி உடைஞ்சிருக்கும்மா, அதான் உங்க மனசு அவனுக்குப் புரியாது" என்று சொல்லி, மாதக் கட்டணத்தையும் சொன்னார்களாம். படத்தை மடித்துப் பர்சில் வைத்திருக்கிறார் அந்த அம்மா. என்னிடம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தபோது பையன் வந்தான். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்தான், சமையலறைக்கு இழுத்துப் போனான், அவர் கையைத் தூக்கித் தண்ணீர்க் குடத்தின் மூடிமேல் வைத்தான்.

"தாகமாடா கண்ணா?" என்றார். படம் என் கையில் இருந்தது.