பென்னாகரம் தாண்டாத சென்ட்

சென்ட்டைக் கடைக்காரர்கள் மில்லியில் அளப்பார்கள். தர்மபுரிக்காரர்கள் நாங்கள் பஸ் ஸ்டாப்பில் அளப்போம். சித்திரை வெயிலில், சீட் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிற ஒகேனக்கல் பஸ்தான் எங்கள் சோதனைச்சாலை.

தங்கை மகன் ஆன்லைனில் வாங்கிய சென்ட்டைப் பூசிக்கொண்டு ஏறினான். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் கமகமவென்று எலுமிச்சை. இண்டூரில் அது இறங்கிவிட்டது. அடுத்து வந்த பூ வாசனை பென்னாகரத்தில் இறங்கியது. அதற்குப் பிறகு சட்டைக்குள் அவன் மட்டும்தான் இருந்தான். சென்ட்டைச் சொல்லிக் குற்றமில்லை. எலுமிச்சை மணம் லேசானது, சட்டென்று ஆவியாகிவிடும். பூ மணம் கொஞ்சம் தாங்கும். சந்தனம், கஸ்தூரி வகையறா கனம்; கடைசிவரை உட்காரும். வெயில் ஏறினால் எல்லாவற்றுக்கும் அவசரம்தான்.

பெரியப்பா போடுவது ஜவ்வாது. சுண்டுவிரல் உயரப் பாட்டில். மூடியைத் திருகி, நகத்தில் ஒரு சிட்டிகை எடுத்து, காதுமடலுக்குப் பின்னால் ஒரு தேய்ப்பு, மணிக்கட்டில் ஒரு தேய்ப்பு. மிச்சத்தைச் சட்டைப் பைக்குள் தட்டிவிடுவார். அந்தப் பையிலிருந்து வரும் பத்து ரூபாய் நோட்டிலும் கோயில் வாசனை அடிக்கும்.

ஜவ்வாது, கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர் ரகம். எல்லாரோடும் ஒட்டிக்கொள்ளும், லேசில் கிளம்பாது. வியர்வை, குண்டுமல்லி, ஒகேனக்கல் மீன் வறுவல் எதனோடும் அதற்குப் பகையில்லை. ஒரே தொல்லை, பூசிக்கொண்டவர் மூக்குக்குச் சீக்கிரமே பழகிவிடும். ‘போயிருச்சே’ என்று பெரியப்பா இன்னொரு சிட்டிகை போடுவார். போகவில்லை என்பது கண்டக்டருக்குத் தெரியும்.

பழைய ஜவ்வாதின் பிடிமானம் புனுகில் இருந்தது. புனுகுப்பூனையின் சுரப்பியில் ஊறுவது. நேரே முகர்ந்தால் குமட்டும், துளி கலந்தால் மணக்கும். இன்றைய பாட்டில்களில் பெரும்பாலும் சந்தனமும் செயற்கை மணமும்தான். 1921இல் பாரிஸில் வந்த ஷனேல் நம்பர் 5 சென்ட்டிலும் புனுகு சேர்த்தார்கள். 1998இல்தான் செயற்கைப் புனுகுக்கு மாறினார்களாம்.

இதைச் சொன்னதும் மருமகன் போனில் ஷனேல் விலையைப் பார்த்தான். பார்த்த வேகத்தில் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். பெரியப்பா மட்டும் திருப்தியாகத் தலையாட்டினார்:

“புனுகு போட்டிருந்தாங்கன்னா சரி, அது பென்னாகரம் தாண்டியிருக்கும்.”