முள்ளியல்: கல்முனைக் கரையோர மொரிஸ் மைனர்களின் மீட்டர் வயர் குறித்த ஓர் ஆராய்ச்சி

வடக்கே பெரியநீலாவணை, தெற்கே பொத்துவில், கிழக்கே கடல், மேற்கே வயல்: இது ஆய்வின் எல்லை. பொருள், 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்டு, இக்கரையில் இன்னமும் கல்யாண வீட்டுக்கும் கச்சேரிக்கும் போய்வரும் மொரிஸ் மைனர். வயரை மாற்றிய பின்னும் முள் ஏன் எழும்புவதில்லை என்பதே வினா.

முதலில் முள் எழும்பும் முறை. ஒட்டோ ஷூல்ட்ஸே என்ற ஜெர்மானியர் 1902இல் காப்புரிமை பெற்ற வேகமானி இது. கியர்பொக்ஸிலிருந்து வரும் வயர் மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதை ஓர் அலுமினியக் கிண்ணம் தொடாமல் மூடியிருக்கும். காந்தம் சுழலச் சுழலக் கிண்ணத்தில் மின்னோட்டம் பிறந்து, கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று அதைப் பின்னுக்கு இழுக்கும். ஒரே வளவில் வீடு கட்டிக்கொண்ட சகலன்மாரைப் போல, ஒட்டாமல் இழுபடுவதுதான் இதன் சூட்சுமம். அந்த இழுபறி சமப்படும் இடத்தில் முள் நிற்கும்.

இனி நூற்பா:

அறுதல் ஆடல் அழுதல் உச்சியில்
ஒட்டல் எனமுள் உறுநோய் நான்கே.

என்பது என் நுதலிற்றோ எனின், வயர் மாற்ற வருவோர் சொல்லும் முறைப்பாடுகளைத் தொகுத்து உணர்த்துதல் நுதலிற்று.

அறுதலாவது, உள்வயர் இற்றுப்போதல். நுண்கம்பிகளை அடுக்கடுக்காக எதிரெதிர்த் திசையில் முறுக்கிச் செய்த வயர் அது; இரு முனையும் சதுரம். உருவிப் பார்த்தால் அறுந்த இடம் தும்பு தும்பாகப் பிரிந்திருக்கும். சிலவற்றில் வயர் முழுசாகவே இருக்கும், சதுரம் தேய்ந்து உருண்டையாகி வீணே சுற்றிக்கொண்டிருக்கும். இதற்குப் புது வயர் போடுவது சரியே. ஆனால் புதுசும் ஒரு கிழமைக்குள் அறுந்தால் குற்றம் வயரில் இல்லை. மீட்டரின் தலைக்குள் அச்சு இறுகிக் கிடக்கிறது, சுற்ற முடியாத இடத்தில் வயர் முறுகி அறுகிறது. இக்கரையில் இவ்வுண்மை பெரும்பாலும் மூன்றாவது வயரின் போதே கண்டறியப்படுகிறது. வயரைக் கடையில் வாங்கலாம், காரணத்தை வாங்க முடியாதல்லவா?

அழுதலாவது, வயர் கிறீச்சிடுதல்; ஆடலாவது, 20க்கும் 40க்கும் இடையில் முள் தொழுவது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: வயர் காய்ந்திருக்கும், அல்லது டேஷ்போர்டுக்குப் பின்னால் இறுக்கி வளைக்கப்பட்டிருக்கும்.

ஒட்டல், மேற்சொன்ன இரண்டுக்கும் பார்த்த வைத்தியத்தால் வருவது. கிரீஸை மெல்லிசாகப் பூசி மேல் ஒரு சாணைக் காய விடவேண்டும் என்பது விதி. அதை விட்டு மேலிருந்து என்ஜின் ஒயிலை ஊற்றுவோர் உளர். சுழலும் வயர் ஒயிலை மேலே ஏற்றும். அது காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் புகுந்து இரண்டையும் ஒட்டவைக்கும். கார் முற்றத்தில் நிற்கும், முள் 80இல் நிற்கும்.

சோதனை முறை எளிது. முள் படுத்திருக்க மைல் எண்கள் ஏறினால் வயர் நிரபராதி. இரண்டும் படுத்திருந்தால் வயரின் மேல்முனையைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின்சில்லை ஜாக்கில் தூக்கிக் கையால் சுற்றவேண்டும். உள்வயர் சுற்றி, மேல்முனைச் சதுரமும் தேயாதிருந்தால் நோய் மீட்டரில். சுற்றாவிட்டால் வயரிலோ கியர்பொக்ஸின் சின்னப் பல்சக்கரத்திலோ. கராஜில் ஒரு பையன் துண்டு வயரின் சதுர முனையை மீட்டரில் செருகி விரல்களால் உருட்டுவதைப் பார்த்திருக்கிறேன். முள் சோம்பலாக எழுந்து 10ஐத் தொட்டது, பார்த்துக்கொண்டிருந்த சொந்தக்காரர் சொந்தக் கார் ஓடியதைப் போலச் சிரித்தார்.

இத்தனையும் எதற்கு என்பார்க்கு: நகருக்குள் 50 கிலோமீற்றர் என்பது சட்டம். மைலில் எழுதிய மொரிஸ் முகப்பில் அது 31. கல்முனை பஸாரில் மாலையில் அந்த 31ஐ எட்டுவது மீட்டர் வேலை செய்யும் காருக்கும் அரிது. ஆயினும் மீட்டர் செத்த காருக்கு ஒரு பயன் உண்டு. விற்கும்போது, “கனக்க ஓடல்ல, மீட்டரப் பாருங்க” என்று சத்தியமாகச் சொல்லலாம்.

எஞ்சியது கலப்பினச் சிக்கல். பல மொரிஸ்களுக்குள் இன்று நிஸ்ஸான் என்ஜினும் கியர்பொக்ஸும் இருக்கின்றன. கீழ்முனை நிஸ்ஸானுக்கும் மேல்முனை மொரிசுக்கும் பொருந்த இரண்டு வயர்களை வெட்டி ஒட்டுகிறார்கள். ஒட்டு பிடிக்கும், கணக்குப் பிடிக்காது. மீட்டர் முகப்பின் அடியில் பொடியாக ஓர் எண் இருக்கும். மைலுக்கு வயர் எத்தனை சுற்று என்பது அது. அந்நிய கியர்பொக்ஸுக்கு அது தெரியாது. அப்படி ஒரு காரில் சம்மாந்துறைப் பக்கம், இருபுறமும் வயல் கிடக்கும் நேர் ரோட்டில் போனபோது முள் 40 காட்டியது. ஒரு சைக்கிள் எங்களோடு வெகுதூரம் கதைத்துக்கொண்டே வந்தது. திரும்பி வந்ததும் கராஜ் பாஸ் சொந்தக்காரரிடம் கேட்டார்:

“காக்கா, மீட்டர் கூடக் காட்டுது. சரியாக்கித் தரவா?”

“வேணாம் தம்பி, நாப்பதிலயே இரிக்கட்டும். சரியாக்கினா என்ட கார் இருவதிலதான் போகும்.”