ஆமையை மிஞ்சிய பொறுமை

திருவனந்தபுரத்தில் நட்சத்திர ஆமை வளர்க்கும் வீட்டாரை யாரும் மனம்விட்டுப் பாராட்டியதாகத் தெரியவில்லை. பாராட்ட வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதலில் உங்கள் துணிச்சல். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம் பாட்டிமார் அதை வாசற்படி தாண்ட விட்டதில்லை. அந்த மூடநம்பிக்கையை உடைத்தவர்கள் நீங்கள். ஆமை வந்தால் பணம் வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஊருக்குத் தெரியாமல் விலை கொடுத்து வாங்கிவந்தீர்கள். பாட்டிமாருக்கு ஆமை மேல் பாசம் கிடையாது. அதனால் அது பொட்டல் காட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. உங்களுக்குப் பாசம் உண்டு. அதனால் குளியலறை வாசலில், ஈர மொசைக் தரையில் கிடக்கிறது.

கவனிப்பிலும் குறை சொல்ல முடியாது. நட்சத்திர ஆமை வறண்ட முட்புதர்க் காட்டில் பிறந்து வளர்வது. கேரளத்தில் அது இயல்பாக வாழும் இடம் இடுக்கி மாவட்டத்து சின்னார். மலையின் மழைமறைவுப் பக்கம், ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. திருவனந்தபுரத்தில் அது 1,800ஐத் தொடும். இடவப்பாதி மழை ஓய்ந்து துணி காய்வதற்குள் துலாவர்ஷ மழை வந்துவிடும். அந்த ஈரம் போதாதென்று தினமும் தரையைத் துடைக்கிறீர்கள், இரவில் உங்களோடு ஏசி அறையில் படுக்க வைக்கிறீர்கள். உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளத் தெரியாத பிராணி அது. வெயில் பட்டுச் சூடேறினால்தான் அதன் நோய் எதிர்ப்பு ஒழுங்காக வேலை செய்யும். அந்த வேலையிலிருந்தும் அதற்கு விடுப்புக் கொடுத்துவிட்டீர்கள். சாப்பாட்டில் புல்லும் இலைதழையும் தள்ளுபடி. பாலில் நனைத்த ரொட்டி, மட்டை அரிசிச் சோறு. வைட்டமின் ஏ குறைந்தால் மூக்கு, மூச்சுக்குழாயின் உட்சவ்வு கெட்டுக் கிருமிக்கு வழிவிடும் என்பதெல்லாம் பாசத்தின் முன்னால் எம்மாத்திரம்?

உங்கள் ரசனையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கரமனையில் ஒரு வீட்டில் பார்த்தேன். கையகல ஆமை. ஒரு நாசியில் சின்னக் குமிழி, மூச்சு வெளியே வரும்போது ஊதி, உள்ளே போகும்போது சுருங்கி, உடையாமல் நின்றது. இமைகள் வீங்கி ஒட்டியிருந்தன. கழுத்தை முழுக்க நீட்டி, வாயைத் திறந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் முன்கால்களை உள்ளே இழுத்து வெளியே தள்ளியது. கூடவே மெல்லிய கீச்சொலி. “எங்களைக் கண்டா இப்படித்தான் பாடும்” என்றார் அந்த வீட்டு அம்மா, பூரிப்போடு.

அந்தப் பாட்டு எப்படி உண்டாகிறது தெரியுமா? ஆமைக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை. விலா எலும்புகள் ஓட்டோடு ஒன்றிப்போனவை, நெஞ்சு விரியாது. கால்களின் அசைவாலும் வயிற்றுப் பக்கத் தசைகளாலும்தான் காற்றை இழுத்துத் தள்ள வேண்டும். நம்மைப் போல இருமிச் சளியை வெளியேற்றவும் அதனால் முடியாது. அதன் உடலில் சீழ் நீராக ஓடாது, தயிர்க்கட்டி போல உறைந்துவிடும். நுரையீரலில் அது தங்கினால் மருந்து உள்ளே போய்ச் சேர்வதே பாடு. வாயைத் திறந்து மூச்சு வாங்கும் ஆமை நிமோனியாவோடு மல்லாடிக்கொண்டிருக்கலாம். அதைக் கச்சேரியாகக் கேட்க உங்களுக்குத்தான் காது வேண்டும்.

பொறுமைக்கு ஆமையைச் சொல்வார்கள். நீங்கள் அதையும் மிஞ்சினீர்கள். மூக்கு ஒழுகத் தொடங்கியதும் பதறவில்லை. தீனி குறைந்ததும், மூலையை விட்டு நகராமல் கிடந்ததும் உங்களை அசைக்கவில்லை. தைலம் தடவி, துளசிச் சாறு ஊற்றி, குழந்தைக்கு வாங்கிய சளி மருந்தில் மிச்சமிருந்ததைச் சொட்டு விட்டு, ‘தானாகச் சரியாகும்’ என்று காத்திருந்தீர்கள். ஆமையும் நோயை வெளியே காட்டாமல் வாரக்கணக்கில் தாக்குப்பிடித்து உங்களுக்கு ஒத்துழைத்தது.

எல்லாவற்றுக்கும் மேலே, சட்டத்தின் மீது உங்களுக்குள்ள மரியாதை. நட்சத்திர ஆமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. 2022இன் திருத்தம் அதை முதல் அட்டவணைக்கு உயர்த்தியது. குற்றம் உறுதியானால் மூன்று முதல் ஏழாண்டுச் சிறை. வாங்கும்போது இந்தச் சட்டம் உங்கள் நினைவுக்கு வரவில்லை. பிள்ளைகளின் பிறந்தநாள் படத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டபோதும் வரவில்லை. அதற்கு மருத்துவர் தேவைப்பட்ட அன்றுதான் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடிமக்களானீர்கள். மருத்துவர் கேள்வி கேட்பார் என்று வாசற்கதவைச் சாத்தினீர்கள். எக்ஸ்ரே எடுத்து, சளியைப் பரிசோதித்து, எந்தக் கிருமி என்று பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அதற்குக் கிடைக்காமல் போனது இந்த மரியாதையால்தான்.

துணிந்து ஊசி போட்டவர்களின் சிக்கனத்தையும் விட்டுவிடக் கூடாது. ஆமைக்கு ஆன்டிபயாடிக் வாரக்கணக்கில் போகும். சிலவற்றை மூன்று நாளுக்கு ஒருமுறை, முன்கால் பகுதியில் போட வேண்டும். பின்காலில் போட்டால் உடல் முழுக்கப் பரவும் முன்பே மருந்து சிறுநீரகம் வழியாகப் போய்விடக்கூடும். இரண்டாவது ஊசியில் ஆமை ஒரு தக்காளித் துண்டைக் கடித்தது. போதும் என்று நிறுத்திவிட்டீர்கள்.

கடைசியாக உங்கள் கருணை. இனித் தேறாது என்று தெரிந்ததும் இரவோடு இரவாகப் பொன்முடிப் பக்கமோ நெய்யாற்றுப் பக்கமோ கொண்டுபோய் ‘விடுதலை’ கொடுக்கிறீர்கள். வறண்ட நிலத்து ஆமைக்கு மழைக்காடு. அங்கே ஏற்கெனவே வாழும் திருவிதாங்கூர் ஆமைக்குப் புதுக் கிருமி. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் ஆமைகளுக்கு மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் மூச்சு நோய் பரவியபோது, வளர்த்தவர்கள் கொண்டுவந்து விட்ட ஆமைகள் மீதும் சந்தேகம் விழுந்தது. அந்தப் பாலைவன ஆமையை 1990இல் அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தார்கள்.

புகழ்ந்தது போதும். உங்கள் வீட்டில் ஓர் ஆமை இப்போது குமிழி விட்டுக்கொண்டிருந்தால் ஏசியை நிறுத்துங்கள். ஈரத்தரையிலிருந்து எடுத்து உலர்ந்த, கதகதப்பான இடத்தில் வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நட்சத்திர ஆமை என்றால் வனத்துறையை அழைத்து இன்றே ஒப்படையுங்கள். சட்டப்படி வைத்திருக்கும் வெளிநாட்டு ஆமை என்றால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். எத்தனை நாளாக மூக்கு ஒழுகுகிறது, இதுவரை என்னென்ன கொடுத்தீர்கள் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.