காபிக்கு ஒரு சீட்டு: தமிழ் இல்லங்களில் பல் விளக்கல் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

தமிழர் ஏன் பல் விளக்குகிறார்கள்? பல்லுக்காகத்தான் என்பர் மேலோட்டமாகப் பார்ப்போர். இவ்வாய்வு அதை மறுக்கிறது. பல்லுக்காக என்றால் ராத்திரியும் விளக்கியிருக்க வேண்டுமே? இரவு உணவுக்குப் பின் பெரும்பாலான வீடுகளில் பிரஷ்கள் நனையாமல் நிற்பது கண்கூடு.

ஆகவே இவ்வாய்வின் கருதுகோள்: பல் விளக்குவது காபிக்கான அனுமதிச் சீட்டு. சீட்டைச் சரிபார்ப்பவர் அடுப்படியில் டிகாக்‌ஷன் இறக்கிக்கொண்டிருக்கும் அம்மா. "பல்லு வெளக்கிட்டியா?" என்ற ஒரே கேள்விதான் சோதனை. "ஆச்சும்மா" என்ற பதில் வந்ததும் டம்ளர் நீட்டப்படும். ராத்திரி அடுப்படியில் அப்படி எதுவும் காத்திருப்பதில்லை. விளக்கலும் நடப்பதில்லை.

களமும் முறையும்

களம், ஒரு கூட்டுக் குடும்பத்தின் வாஷ்பேசின். முறை, துண்டைத் தோளில் போட்டு முறைக்காகக் காத்திருந்தபடியே கூர்ந்து நோக்கல்.

வகைப்பாடு

முதல் வகை, உலாவியர். பிரஷைக் கடைவாயில் செருகிக்கொண்டு வாசல், மாடி, பேப்பர், பக்கத்து வீட்டு அரசியல் என ஒரு சுற்று வருவர். வெகுநேரம் ஆகும், அதில் பிரஷ் அசைவது சில நொடிகளே. பல் மருத்துவம் கேட்பது இரண்டு நிமிடம்தான். ஆனால் அந்த இரண்டு நிமிடமும் பிரஷ் நடக்க வேண்டும், ஆள் அல்ல.

இரண்டாம் வகை, வன்துலக்கர். உமிக்கரியிலும் செங்கல் பொடியிலும் பழகிய கை. பாத்திரத்துக்குத் தரும் அழுத்தத்தைப் பல்லுக்கும் தருவர். எனாமல் தேய்ந்து, ஈறு இறங்கி, ஐஸ் தண்ணீர் பட்டால் சுரீர் என்னும். பழி பேஸ்ட் மேல் விழும். இவர்களுக்கு மென்தூவி பிரஷ் போதும். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 பாகை சாய்த்து வைத்து, சின்னச் சின்ன அசைவாகத் தேய்க்கலாம்.

மூன்றாம் வகை, ஓசையர். காறி, ஓங்கரித்து, கொப்பளித்து, தெருவுக்கே விடியலை அறிவிப்பவர். இவர்களுக்குச் சுத்தம் என்பது சத்தம். நாக்கு வழிப்பது நல்லதே, வாய் நாற்றம் குறையும். ஆனால் சொம்பு சொம்பாகக் கொப்பளித்தால் பேஸ்டிலுள்ள ஃபுளோரைடு சாக்கடைக்குப் போய்விடுகிறது. நுரையைத் துப்பிவிட்டுச் சும்மா இருந்தால் அது பல்லில் தங்கி வேலை செய்யும். இதைக் களத்தில் எடுத்துரைத்தபோது, "ஏன்டா, அப்படியே முழுங்கவும் சொல்லுவியோ?" என்று பெரியப்பா எதிர்வாதம் வைத்தார்.

கருவியியல்

அமுக்கினால் பிதுங்கும் உலோகக் குழாய்க்கு 1841-இல் காப்புரிமை பெற்றவர் ஜான் காஃப் ராண்ட் என்ற ஓவியர். அவர் அடைத்தது ஓவிய வண்ணம்; பேஸ்ட் பின்னால் வந்து குடியேறியது. வாலிலிருந்து சுருட்டுவது, சப்பாத்திக் கட்டையால் உருட்டுவது, கடைசியில் கத்தரியால் வயிற்றைப் பிளந்து வழிப்பது ஆகிய உயர்நிலைப் பயன்பாடுகள் நம் அம்மாக்களின் கொடை.

இவ்வளவு சிக்கனமான வீட்டில் குழந்தையின் பிரஷில் மட்டும் விளம்பரத்தில் வருவதுபோல் நீளமாகப் பேஸ்ட் வைக்கப்படுவது முரண். மூன்று வயதுக்குள் ஓர் அரிசியளவு, ஆறு வயதுவரை ஒரு பட்டாணியளவு போதும்.

நைலான் தூவி பிரஷ் 1938-இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு ஓய்வு வயது மூன்று, நான்கு மாதம். தூவி விரிந்துவிட்டால் அதற்கும் முன்பே. நம் வீட்டில் தூவி நான்கு திசையிலும் சாய்ந்த பிறகும் பணி நீட்டிப்பு உண்டு. அப்புறமும் ஓய்வில்லை: தலைக்கு டை அடிக்க, மிக்சி இடுக்கு துடைக்க என்று மாற்றல் உத்தரவு வரும்.

இரவு இயல்

தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைகிறது. பல்லிடுக்கில் தங்கிய மாவையும் சர்க்கரையும் கிருமிகள் அமிலமாக்குகின்றன, பிஎச் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். பகலில் உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்துவிடும். ராத்திரி அதற்கும் ஓய்வு. அந்நேரத்தில்தான் பிள்ளைக்கு, "இந்தப் பாலைக் குடிச்சிட்டுப் படுடா கண்ணா" என்று சர்க்கரை போட்ட பாலும் வருகிறது.

முடிபு

காலைப் பழக்கத்தைக் காபி காப்பாற்றிவிடும். அதற்கு ஆய்வாளர் உதவி வேண்டாம். ராத்திரிக்கும் அதே கேள்வியை அம்மா கேட்க வேண்டும். டம்ளருக்குப் பதில் வைஃபை பாஸ்வேர்டைக் கையில் வைத்துக்கொள்ளலாம். வரிசை இதுதான்: முதலில் பால், பிறகு பல், பிறகு பாய். விளக்கியபின் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வாய்க்குள் போகக் கூடாது. பெரியப்பாவின் முறுக்குக்கும் இவ்விதி பொருந்தும்.