பத்தி தாண்டும் கருவி

1908-இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்து, பாரதியாரின் எழுத்தால் வளர்ந்த ‘இந்தியா’ வார இதழ், பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் அச்சாக முடிந்தபோதும் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழைய விடாமல் தடுக்கப்பட்டதால் 1910-இல் நின்றுபோனது. அத்தகைய பழைய இதழ்களின் மின்படிகளை இன்று எந்த அரசும் தடுப்பதில்லை. அப்பொறுப்பை ஆறு அங்குல மின்னூல் கருவி செவ்வனே ஏற்றுக்கொண்டுள்ளது.

பக்கத்தை முழுமையாகக் காட்டினால் எழுத்து கடுகளவாகிறது. பெரிதாக்கினாலோ, வாசகர் ஒரு பத்தியின், அதாவது மேலிருந்து கீழாக ஓடும் குறுகிய அச்சுநிரலின், அடிவரை இறங்கி, அடுத்ததன் தலைக்கு ஏறி, மீண்டும் இறங்க வேண்டியிருக்கிறது. பி.டி.எஃப். கோப்பு ஒவ்வோர் எழுத்தும் எங்கே நிற்கிறது என்பதைத் துல்லியமாக அறியுமே தவிர, எதன்பின் எதைப் படிப்பது என்பதைப் பெரும்பாலும் அறியாது. ஆகவே, திரையின் அகலத்துக்கேற்ப வரிகளை மடித்துத் தரும் வசதியை இயக்கினால், அது சில வேளைகளில் இடப்பத்தியின் வரிக்கும் வலப்பத்தியின் வரிக்கும் பொருத்தம் பாராமல் மணமுடித்து வைக்க, அனல் பறக்கத் தொடங்கிய தலையங்கம் பாதியில் லேகிய விளம்பரமாகத் தணிந்துவிடுகிறது. இவ்வளவு சிக்கனமான தணிக்கை முறை அன்றைய பிரிட்டிஷ் அதிகாரிகளுக்குத் தோன்றவில்லை.



பத்திகளை வெட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கித் தரும் கே2பிடிஎஃப்ஆப்ட் என்னும் இலவச மென்பொருளைக் கணினியில் ஒருமுறை ஓட்டிவிட்டு வாசிக்க அமர்வது நலம்.