சாமியும் மூளையும்

கேள்வி: “சாமி கும்பிடுறவங்களுக்கு மூளை கம்மி” என்கிறான் ஏ.எல். படிக்கும் என் தம்பி. உண்மையா? (வாசகி, பசறை)

பதில்: குலதெய்வம் நாமகிரித் தாயாரே தனக்குக் கணக்குச் சொல்வதாக நம்பியவர் கணித மேதை ராமானுஜன். 1983இல் இயற்பியலுக்கு நோபல் வாங்கிய சந்திரசேகரோ நாத்திகர். இருவரில் யாருக்கு மூளை கம்மி? தம்பியையே கேளுங்கள்.

அற்புதம் செய்து காட்டினால் ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் சவால் விட்ட ஆபிரகாம் கோவூரும் இந்த இலங்கையில் வாழ்ந்த ஆசிரியர்தான். பணம் கடைசிவரை அவரிடமே இருந்தது. அவர் கேட்டது அத்தாட்சி. அடுத்தவர் மூளையை நிறுத்துப் பார்க்கவில்லை.

லயத்து மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு தேயிலை மலைக்குப் போகும் அம்மாவிடம் கொழுந்துத் தராசில் ஒரு கிலோ குறைத்துப் பாருங்கள், தெரியும். ஆமாம், தம்பியின் ஓ.எல். பெறுபேற்றுக்காகக் கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டது யார்?